அரை மில்லிமீட்டர் சரிவு: ரிவால்வர் சிலிண்டரை வீட்டுப் பட்டறையில் தேய்க்கலாமா?

அமெரிக்காவில் பல வீடுகளில் கார் ஷெட் என்பது கார் நிற்கும் இடம் மட்டும் இல்லை. காரை வெளியே விட்டுவிட்டு, உள்ளே ஒரு பெஞ்ச் வைஸ், ஒரு டிரில் மெஷின், வரிசையாக அரங்கள், உப்புத்தாள் என்று ஒரு குட்டிப் பட்டறையே நடக்கும். கதவுக் கீல் முதல் புல்வெட்டும் இயந்திரம் வரை அங்கேயே சரியாகிவிடும். துப்பாக்கி வைத்திருப்பவர் என்றால், அதுவும் அதே பெஞ்ச்சுக்குத்தான் வரும்.

அப்படி வரும் வேலைகளில் ரொம்பச் சின்னது என்று பெயர் எடுத்த ஒன்று உண்டு. ரிவால்வர் சிலிண்டரில் தோட்டா நுழையும் ஓட்டைகளின் கூரான ஓரத்தை லேசாகச் சீவி, சரிவாக்கி விடுவது. ‘ஆறு ஓட்டை, அரை மணி நேரம், அவ்ளோதான்’ என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்குபவர்கள் ஏராளம்.

அது உண்மையிலேயே அவ்வளவு சின்ன வேலைதானா? வீட்டிலேயே செய்யலாமா, கூடாதா? செய்ததைச் சரிபார்ப்பது யார்? முதல் இரண்டு கேள்விகளைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். மூன்றாவதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. சிக்கல் இருப்பதோ அந்த மூன்றாவதில்தான்.

சாம்ஃபர் என்றால் என்ன?

லேத் பட்டறைப் பக்கம் போனவர்களுக்கு ‘சாம்ஃபர்’ என்ற சொல் புதிதில்லை. ஒரு இரும்புத் துண்டைக் கடைந்தாலோ, ஓட்டை போட்டாலோ, அதன் விளிம்பு கத்தி மாதிரிக் கூராக நிற்கும். கையைக் கிழிக்கும். உள்ளே நுழைய வேண்டிய பொருள் அதில் இடித்து நிற்கும். அந்த விளிம்பைக் கொஞ்சமாகச் சரித்துவிடுவதுதான் சாம்ஃபர். போல்ட் முனையிலும், பைப் வாயிலும், பேரிங் உட்காரும் குழியிலும் இதைப் பார்க்கலாம். எண்ணெய் ஊற்றும் புனலின் வாய் ஏன் அகலமாக இருக்கிறதோ, அதே காரணம்தான் இதற்கும்.

ரிவால்வரில் தோட்டா உட்காரும் ஓட்டைக்கு ஆங்கிலத்தில் ‘சேம்பர்’ என்று பெயர். சாம்ஃபர், சேம்பர் இரண்டும் காதுக்கு ஒன்று போலக் கேட்பதால், இங்கே சேம்பரை ‘அறை’ என்றே குறிப்பிடலாம். ஆறு அறைகள் சுற்றிலும் அமைந்த உருளைதான் சிலிண்டர். அது ஒவ்வொரு முறை சுழலும்போதும் ஓர் அறை குழாய்க்கு நேராக வந்து நிற்கும்.

சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வருக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1836-ல். அப்போது அறைகளின் பின்பக்கம் மூடியிருக்கும். மருந்தும் குண்டும் முன்பக்கமாகத்தான் திணிக்கப்பட்டன. பின்பக்கம் வரை முழுக்கத் துளைத்த சிலிண்டருக்கு 1855-ல் காப்புரிமை வாங்கியவர் ரோலின் வைட். அந்த உரிமையை வைத்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1857-ல் தன் முதல் ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உலோகக் கூட்டுத் தோட்டாவைப் பின்பக்கமாகச் செருகும் வழக்கம் அமெரிக்காவில் வேர்பிடித்தது அதற்குப் பிறகுதான். இன்று பட்டறையில் சீவப்படும் அந்தப் பின்பக்க ஓரத்தின் கதை அங்கே தொடங்குகிறது.

எதற்கு இந்த மெனக்கெடல்?

ஒரு விநாடி மிச்சமாகும் என்பதற்காக.

ரிவால்வரில் ஆறு முறை சுட்டதும் தோட்டா தீர்ந்துவிடும். சிலிண்டரை வெளியே தள்ளி, காலிக் கூடுகளைக் கொட்டி, புதிதாக ஆறு போட வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டால் நேரம் ஆகும். அதனால் ஆறையும் வட்டமாகப் பிடித்துக்கொள்ளும் ‘ஸ்பீட் லோடர்’ வந்தது. இதில் ஒரு தொல்லை உண்டு. அது பிடித்திருக்கும் தோட்டாக்கள் கொஞ்சம் ஆடும். ஆறு ஊசிகளில் ஒரே நேரத்தில் நூல் கோர்ப்பது மாதிரியான வேலை இது. ஒரு தோட்டாவின் மூக்கு ஓரத்தில் இடித்தாலும் மற்ற ஐந்தும் நின்றுவிடும். ஓரம் சரிவாக இருந்தால், இடித்த தோட்டா தானாகவே வழுக்கி உள்ளே இறங்கும்.

போட்டிச் சுடுதலில் இந்த ஒரு விநாடிக்கு மதிப்பு அதிகம். ஜெர்ரி மிகுலெக் என்ற அமெரிக்க வீரர் 1999-ல் ஒரே ரிவால்வரில் ஆறு முறை சுட்டு, மறுபடி தோட்டா போட்டு, இன்னும் ஆறு முறை சுட்டு முடிக்க எடுத்துக்கொண்டது 2.99 விநாடி. தோட்டா மாற்றிய நேரமும் அதற்குள் அடக்கம். அவர் பயன்படுத்தியது ஆறு தோட்டாக்களையும் ஒரே மெல்லிய எஃகுத் தகட்டில் கோத்து வைக்கும் ‘மூன் கிளிப்’ முறை. முதல் உலகப் போர்க் காலத்தில், அடிவிளிம்பு துருத்தாத .45 தோட்டாவை ரிவால்வரில் பயன்படுத்துவதற்காக வந்த மூன்று தோட்டா ‘அரை நிலா’ கிளிப்பின் முழு வடிவம் அது.

போட்டிக்கு வெளியே இந்த ஒரு விநாடியின் விலை உயிராகவும் இருந்திருக்கிறது. 1970 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் நியூஹால் என்ற இடத்தில் நடந்த மோதலில் நான்கு நெடுஞ்சாலைக் காவலர்கள் கொல்லப்பட்டனர். அவர்களில் ஒருவர், காலியான ரிவால்வரில் ஒவ்வொன்றாகத் தோட்டா போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சுடப்பட்டவர். அதன் பிறகு அந்தத் துறை ஸ்பீட் லோடருக்கு மாறியது. 1986-ல் மயாமியில் எஃப்பிஐ குழு ஒன்று சிக்கிய மோதலில், கையில் குண்டடி பட்ட முகவர் ஒருவரால் தன் ரிவால்வரில் மறுபடி தோட்டா போடவே முடியவில்லை. அமெரிக்கக் காவல் துறைகள் ரிவால்வரைக் கைவிட்டு, மேகஸின் போடும் பிஸ்டலுக்கு வேகமாக நகர்ந்ததற்கு அந்தச் சம்பவமும் ஒரு காரணம்.

ஆக, ஓரத்தைச் சரிவாக்க வேண்டும் என்ற ஆசையில் தப்பு இல்லை. தயாரிப்பு நிறுவனங்களே சில மாடல்களில் இதைச் செய்துதான் விற்கின்றன. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ‘பெர்ஃபார்மன்ஸ் சென்டர்’ ரிவால்வர்கள் சிலவற்றில் அறை வாய்கள் சரிவாக்கப்பட்டிருப்பதை விளம்பரத்திலேயே பெருமையாகப் போடுகிறார்கள். ‘கம்பெனி செய்யுறதை நான் செஞ்சா என்ன?’ என்று வீட்டுப் பட்டறைக்காரர் கேட்பது இதனால்தான். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு.

முக்கால் மில்லிமீட்டர் கணக்கு

.38 ஸ்பெஷல் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதன் கூட்டுக்கு அடியில், ஆணித் தலை மாதிரித் துருத்திக்கொண்டு ஒரு விளிம்பு இருக்கும். கூட்டின் விட்டம் சுமார் 9.6 மி.மீ. அடிவிளிம்பின் விட்டம் சுமார் 11.2 மி.மீ. இரண்டுக்கும் இடைப்பட்ட வித்தியாசத்தைப் பாதியாக்கினால், ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது முக்கால் மில்லிமீட்டர் சொச்சம்.

இந்த முக்கால் மில்லிமீட்டர்தான் தோட்டாவைத் தாங்கும் திண்ணை. தோட்டா அறைக்குள் எவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அடிவிளிம்பு. அது சிலிண்டரின் பின்முகத்தில் உட்காரும். பின்னாலிருந்து சுத்தியல் அடிக்கும்போது தோட்டா முன்னால் நழுவாமல் நிற்பது இந்தத் திண்ணையால்தான்.

இப்போது சாம்ஃபர் போட்டால் என்ன ஆகும்? 45 டிகிரியில் சரித்தால், உள்ளே இறங்கும் ஆழமும் முகத்தில் வெட்டுப்படும் அகலமும் ஒன்றே. 0.3 மி.மீ. சீவினால் திண்ணையில் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாக மிஞ்சும். அரை மில்லிமீட்டர் சீவினால் மூன்றில் ஒரு பங்கு. முக்கால் மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால் திண்ணையே இருக்காது. அடிவிளிம்பு சரிவுக்குள் இறங்கிவிடும். சுத்தியல் அடித்தும் தோட்டா வெடிக்காமல் போகலாம். இல்லாவிட்டால் ஒரு தோட்டா வெடித்து, அடுத்தது வெடிக்காமல் இருக்கலாம்.

‘கண்ணுக்குத் தெரியாத அளவு’ என்று பேச்சுக்குச் சொல்லும் அரை மில்லிமீட்டர், இந்த இடத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி இங்கே அப்படியே பொருந்தும்.

.22 ரிவால்வர் என்றால் கதையே வேறு. அந்தத் தோட்டாவில் தீப்பொறி மருந்து அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கிறது. அடிக்கும் ஊசி விளிம்பை நசுக்க வேண்டும். நசுக்க வேண்டுமானால், கீழே பட்டடைக் கல் மாதிரி ஒன்று தாங்க வேண்டும். அந்தத் தாங்கல், சீவலாம் என்று நினைக்கும் அதே ஓரம்தான். அதைச் சீவினால் தோட்டா வெடிக்காமல் போவதற்கு வழி செய்துகொடுத்த மாதிரி. பழைய மேக்னம் ரிவால்வர்கள் பலவற்றிலும் அடிவிளிம்பு உட்காருவதற்கென்று தனிக் குழி வெட்டியிருக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1980-களின் தொடக்கம் வரை அப்படிச் செய்தது. அந்தக் குழியின் கணக்கு தெரியாமல் அங்கே கருவியை வைப்பதும் ஆபத்து.

வீட்டில் எப்படிச் செய்கிறார்கள்?

முறையான வழிக்கென்று தனிக் கருவி உண்டு. நுனியில் அறைக்குள் சரியாகப் பொருந்தும் ஒரு வழிகாட்டித் தண்டு. அதற்குப் பின்னால் கூம்பு வடிவ வெட்டும் பகுதி. தண்டு உள்ளே போய்விடுவதால் வெட்டு நடுவிலிருந்து விலகாது. கையால் மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒரு சுற்று, நிறுத்து, துடை, பார். அயோவா மாநிலத்தில் 1939-ல் தொடங்கிய பிரவுனெல்ஸ் போன்ற நிறுவனங்கள் இப்படிப்பட்ட கருவிகளைத் துப்பாக்கி மெக்கானிக்குகளுக்கு விற்றுவருகின்றன.

வீட்டில் பெரும்பாலும் நடப்பது இது இல்லை. மரவேலைக்கு வைத்திருக்கும் திருகுத் தலைக் குழி வெட்டும் பிட்டை டிரில்லில் மாட்டிவிடுவார்கள். வழிகாட்டித் தண்டு கிடையாது. கை ஆடினால் பிட் துள்ளும். ஓரத்தில் அலை அலையாகத் தழும்பு விழும். இன்னும் சிலர் கையடக்க கிரைண்டரில் கூம்புக் கல்லை மாட்டுவார்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று ஓடும் கருவி அது. கண் இமைக்கும் நேரத்தில் எவ்வளவு போனது என்று தெரியாது. பக்கத்து ஓட்டையோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அப்புறம் அதற்குச் சமமாக்க இதைக் கொஞ்சம், இதற்குச் சமமாக்க அதைக் கொஞ்சம் என்று ஆறும் வளர்ந்துகொண்டே போகும். ஆடும் நாற்காலியைச் சரிசெய்யக் காலை மாற்றி மாற்றி அறுத்து, கடைசியில் மணையாக்கிய கதைதான்.

பொறுமைசாலிகளின் வழி வேறு. உருண்டையான பித்தளைத் தலையில் தேய்ப்புப் பசையைத் தடவியோ, நுனியைக் கூராக்கிய மரக் குச்சியில் நைஸ் உப்புத்தாளைச் சுற்றியோ, கையாலேயே உருட்டி உருட்டி ஓரத்தின் கூர்மையை மட்டும் எடுப்பார்கள். இதில் ஒரு மணி நேரம் தேய்த்தாலும் பெரிதாக எதுவும் கெடாது. பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்காது. ஆனால் தோட்டா வழுக்கி இறங்குவதற்குத் தேவையானதில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும். வீட்டுக்கு ஏற்ற வழி எது என்று கேட்டால் பதில் இதுதான்.

எங்கே கெடுகிறது?

முதல் இடம், நட்சத்திரத் தகடு. சிலிண்டரின் நடுவில் நட்சத்திர வடிவில் ஒரு மெல்லிய தகடு இருக்கும். காலிக் கூடுகளின் அடிவிளிம்பைப் பிடித்து வெளியே தள்ளுவது அதன் வேலை. அறை வாயின் உள்பக்க ஓரம், உண்மையில் இந்தத் தகட்டின் ஓரம். சுற்றிலும் ஒரே மாதிரி சீவும்போது தகடும் சேர்ந்தே சீவப்படும். தகட்டின் பிடி குறைந்தால், கூடு வெளியே வரும்போது அதன் விளிம்பு தகட்டுக்கு அடியில் நழுவி மாட்டிக்கொள்ளும். அப்போது சிலிண்டரை மூடவே முடியாது. ஒரு விநாடியை மிச்சப்படுத்தச் செய்த வேலை, ரிவால்வரையே நிறுத்திவிடும். வேலை தெரிந்தவர்கள், சீவும்போது தகடு அசையாமல் இருக்க மற்ற அறைகளில் காலிக் கூடுகளைப் போட்டுவைப்பதும், தகட்டுப் பக்கம் கையை அடக்கிக்கொள்வதும் இதனால்தான்.

இரண்டாவது இடம், அதே தகட்டின் பின்பக்கப் பற்கள். சிலிண்டரைச் சுழற்றுவது அவைதான். கருவி வழுக்கி ஒரு பல்லில் பட்டாலும் அறையும் குழாயும் நேர்கோட்டில் நிற்பதில் பிசகு வரும். அப்படிப் பிசகினால் குண்டு குழாயின் வாயில் உரசி, ஈயத் துணுக்குகள் பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவர் முகத்திலும் அவை படலாம்.

மூன்றாவது, அறையின் உட்சுவர். மருந்து எரியும்போது பித்தளைக் கூடு விரிந்து சுவரோடு ஒட்டும், பிறகு சுருங்கும். சுவரில் கீறல் இருந்தால் பித்தளை அதில் கடித்துக்கொள்ளும். கூட்டை வெளியே எடுக்கக் கட்டையால் தட்ட வேண்டிய நிலை வரும்.

நான்காவது, எந்த உலோகம் என்று பார்க்காமல் கை வைப்பது. கறுப்புப் பூச்சு போட்ட எஃகில் சீவிய இடம் வெளுத்து, துருவுக்கு வாசல் திறக்கும். டைட்டானியம் சிலிண்டர் என்றால் தொடவே கூடாது. அதன் மேல்படலத்தை உரசக் கூடாது என்பது தயாரிப்பாளரின் எச்சரிக்கை.

அப்படியானால் வெடித்துவிடுமா?

இதில் மிகைப்படுத்தக் கூடாது. ஓரத்தை லேசாகச் சீவியதால் சிலிண்டர் வெடித்துச் சிதறும் என்று பயமுறுத்துவது சரியில்லை. .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தொழில்தரம் அனுமதிக்கும் அதிகபட்ச அழுத்தம் 17,000 பிஎஸ்ஐ. .357 மேக்னத்துக்கு 35,000. கார் டயரில் அடிப்பது 32 என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும். அவ்வளவு அழுத்தத்தையும் சுமப்பது அறையின் நடுப்பகுதிச் சுவர். வாயோரத்தில் இருப்பது கூட்டின் கெட்டியான அடிப்பகுதி. அதனால் அளவான சரிவு வலிமையைக் குறைக்காது. சிலிண்டர்கள் பிளப்பதற்குப் பெயர்போன காரணம் வேறு: வீட்டிலேயே தோட்டா நிரப்புபவர்கள் மருந்தை அளவுக்கு மேல் கொட்டிவிடுவது.

அளவு மீறிய சரிவு அப்படி இல்லை. கெட்டியான அடிப்பகுதியைத் தாண்டி மெல்லிய பித்தளை வெளியே தெரியும் அளவுக்குக் குடைந்துவிட்டால், அந்த இடத்தில் கூடு உப்பும். மோசமான நிலையில் கிழியும். ஆக, ஆபத்து வேலையின் பெயரில் கிடையாது. அளவில் இருக்கிறது. அளவை யார் பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

யார் பார்ப்பது?

இங்கேதான் அமெரிக்காவின் விசித்திரம் தொடங்குகிறது. துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாத ஒருவர், தன் சொந்த ரிவால்வரில் இப்படி ஒரு வேலையைத் தானே செய்துகொள்ள அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்குத் தொழிலாகச் செய்தால்தான் 1968-ம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். அந்த உரிமமும் பதிவேடு, பின்னணி, இடம் போன்றவற்றைத்தான் பார்க்கிறது. கைத்திறனுக்குத் தேர்வு வைப்பதில்லை. கொலராடோவின் டிரினிடாட் ஸ்டேட் கல்லூரியில் 1947-ல் தொடங்கிய துப்பாக்கி மெக்கானிக் படிப்பு மாதிரி நல்ல பயிற்சிகள் இருக்கின்றன. படிக்க வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். டோஸ்டர் முதல் குழந்தைத் தொட்டில் வரை கண்காணிக்கும் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கி, தோட்டா மீது அதிகாரம் கிடையாது. விளையாட்டுப் பொருள்களுக்கு விதி போடும் அமைப்பு, நிஜத் துப்பாக்கிக்குப் போட முடியாது. தோட்டா அழுத்தம், அறை அளவு எல்லாவற்றையும் வரையறுப்பது 1926-ல் தொடங்கிய தயாரிப்பாளர்களின் சங்கம். அந்தத் தரங்கள் தொழில்துறை தானாக முன்வந்து ஏற்றுக்கொண்டவை. சட்டம் இல்லை.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே ‘புரூஃப் ஹவுஸ்’ என்ற சோதனைக் கூடங்கள் நூற்றாண்டுகளாக இருக்கின்றன. லண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637-ல் அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்ஹாம் சோதனைக் கூடம் 1813-ல் வந்தது. விற்பனைக்கு வரும் துப்பாக்கியில் வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துவார்கள். முக்கியமான விதி அடுத்து வருகிறது. முத்திரை பெற்ற துப்பாக்கியை யாராவது பிறகு மாற்றி, அதன் வலிமை கணிசமாகக் குறைந்துவிட்டால், பழைய முத்திரை செல்லாது. மறுபடி சோதனைக்குப் போகாமல் அதை விற்கக் கூடாது.

டன்பிளேன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு 1997-ல் பிரிட்டன் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளையே தடை செய்துவிட்டது. அதனால் இரண்டு நாடுகளையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் அந்த முத்திரைக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் கவனிக்க வேண்டியது. அது கைவைத்தவரைக் காப்பாற்றுவதற்கான விதி இல்லை. அடுத்து வாங்குபவரைக் காப்பாற்றுவதற்கானது.

இரண்டாவது ஆள்

அமெரிக்காவில் ரிவால்வர் லேசில் குப்பைக்குப் போகாது. ஐம்பது வருடத்துக்கு முந்தையது இன்றும் விற்பனைக்கு வரும். அப்பாவிடமிருந்து மகளுக்குப் போகும். அடகுக் கடைக்குப் போய் யாரோ ஒருவர் கைக்கு வரும். தேய்த்தவருக்குத் தான் எங்கே தேய்த்தோம், எவ்வளவு தேய்த்தோம் என்று தெரியும். கை கொஞ்சம் தவறியதும் தெரியும். வாங்குபவருக்கு எதுவும் தெரியாது. சீவிய ஓரம் பளபளப்பாக இருந்தால், ‘கம்பெனியே போட்டதுபோல’ என்று நினைத்துக் கூடுதல் விலைகூடக் கொடுப்பார்.

இந்த ரிவால்வர் வீட்டுப் பாதுகாப்புக்கு என்று இரவில் மேசை இழுப்பறையில் இருந்தால்? அடித்தும் வெடிக்காத தோட்டா, தகட்டுக்கு அடியில் மாட்டிய கூடு எல்லாம் மைதானத்தில் சிரித்துக் கடந்துபோகும் சங்கதிகள். வீட்டுக்குள் யாரோ கதவை உடைக்கும் இரவில் அப்படி இருக்காது. பட்டறையில் தேய்த்தவர் அப்போது அங்கே இருக்கப் போவதும் இல்லை.

‘என் பொருள், என் உழைப்பு, என் ரிஸ்க்’ என்று வீட்டுப் பட்டறைக்காரர்கள் சொல்வதுண்டு. முதல் இரண்டும் சரி. மூன்றாவது முழு உண்மை இல்லை. மைதானத்தில் பக்கத்துப் பாதையில் நிற்பவருக்கும், பிறகு வாங்குபவருக்கும் அந்த ரிஸ்க்கில் பங்கு இருக்கிறது. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இந்தியாவில் செய்யலாமா?

கூடாது. இதில் ‘ஆனால்’ எதுவும் இல்லை. வீடியோவில் பார்த்துவிட்டு, தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்று துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் யாராவது நினைத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ம் பிரிவு, தயாரிப்பு, விற்பனையோடு நிற்கவில்லை. ஆயுதத்தை மாற்றுவது, பழுதுபார்ப்பது, சோதிப்பது எல்லாவற்றுக்கும் அதற்கென்று தனி உரிமம் வேண்டும் என்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் வேறு, அதில் வேலை செய்யும் உரிமம் வேறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதை மீறினால் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டுச் சிறை. ஆயுள் வரைக்கும் போகலாம். ‘சும்மா ஓரத்தைத்தான் தேய்ச்சேன்’ என்பது கோர்ட்டில் எடுபடும் என்று நம்பி இறங்கக் கூடாது. தேய்த்துக் கொடுத்த பட்டறைக்காரரும் சேர்ந்தே மாட்டுவார்.

சரி, என்னதான் வழி?

சட்டம் அனுமதிக்கும் அமெரிக்காவில், வீட்டு வேலையை ஒரேயடியாகத் தடை செய்யச் சொல்வது நடக்காத காரியம். அது தேவையும் இல்லை. கையால் பொறுமையாக வேலை செய்யத் தெரிந்தவர்கள் தங்கள் பொருளைத் தாங்களே சீர்செய்வது நல்ல பழக்கம். தேவைப்படுவது மூன்றே ஒழுங்குகள்.

ஒன்று, மின்கருவி வேண்டாம். ஓரத்தின் கூர்மை போனால் போதும், பளபளக்கும் சரிவு தேவையில்லை. அளக்கும் கருவி கையில் இல்லாதவர் வெட்டும் கருவியைக் கையில் எடுக்கக் கூடாது. சீவுவதற்கு முன்னால், காலிக் கூடு ஒன்றைப் போட்டு அடிவிளிம்பு எவ்வளவு இடத்தில் உட்கார்கிறது என்று பார்த்துவைத்தாலே பாதி விபத்துகள் தவிர்ந்துவிடும். சில நேரம் சீவ வேண்டிய அவசியமே இருக்காது. அறைகளைச் சுத்தம் செய்து, நல்ல ஸ்பீட் லோடர் ஒன்றை வாங்கிப் பழகினாலே அந்த விநாடி கிடைத்துவிடும்.

இரண்டு, முடிந்ததும் இன்னொரு ஜோடிக் கண் பார்க்க வேண்டும். பழகிய துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்தால், அளவுமானியை வைத்து அடிவிளிம்பின் இடைவெளி, சுழற்சி நேரம், நட்சத்திரத் தகட்டின் பிடி மூன்றையும் சோதித்துவிடுவார். செய்தவரின் கண்ணுக்குத் தன் தப்பு சுலபத்தில் படாது. பல தயாரிப்பாளர்கள் மாற்றம் செய்த துப்பாக்கிக்கு உத்தரவாதத்தை ரத்து செய்துவிடுவதால், கம்பெனியும் அதற்குப் பிறகு பொறுப்பேற்காது.

மூன்று, எழுதிவைப்பது. எந்த நாள், எந்த அறை, எவ்வளவு ஆழம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ரிவால்வரின் பெட்டியிலேயே போட்டுவைக்கலாம். விற்கும்போது அந்தச் சீட்டும் சேர்ந்து போக வேண்டும். பழைய கார் விற்பவர் சர்வீஸ் புத்தகத்தைக் கொடுப்பதில்லையா, அது மாதிரி. இதைச் சட்டமாக்க அமெரிக்க அரசியல் இன்றைக்கு இடம் கொடுக்காது. ஆனால் போட்டி அமைப்புகளும், பயிற்சி மைதானங்களும், பழைய துப்பாக்கி விற்கும் கடைகளும் நினைத்தால் நாளைக்கே வழக்கமாக்கிவிடலாம். ‘மாற்றம் செய்யப்பட்டதா, யார் சோதித்தது?’ என்று பில்லில் ஒரு வரி சேர்க்கப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

சீவிய இரும்பை மறுபடி ஒட்டவைக்க முடியாது. அதனால், ஷெட்டில் பெஞ்ச் வைஸை இறுக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது: இந்த ரிவால்வரை அடுத்துக் கையில் எடுக்கப்போகிற ஆளிடம், ‘இங்கே இவ்வளவு சீவியிருக்கிறேன், இவரிடம் காட்டியிருக்கிறேன்’ என்று தயங்காமல் சொல்ல முடியுமா? முடியும் என்றால் வேலையைத் தொடங்கலாம். முடியாது என்றால், அந்த ஒரு விநாடி தாமதமாகவே தோட்டா போட்டுக்கொள்ளலாம்.